ஸ்பிரிட் பேசினும் ஆறாம் நம்பர் கிளவுஸும்

ஓய்வுபெற்ற ஊழியர் சங்கம் ஒரு மலர் போடுதாம். அதுக்கு நானும் ஒரு கட்டுரை தரவேணுமாம். "தம்பையா அண்ணை, ஒப்பிரேசன் தியேட்டரிலை இருபத்தைஞ்சு வருசம் நிண்டனீங்கள், பிறகு வாறவைக்குப் பிரயோசனமா ஏதும் எழுதித் தாங்கோ" எண்டு ரெண்டு நேர்ஸ் மிஸ்ஸிமார் அரியாலை மட்டும் சைக்கிளிலை வந்து கேட்டினம். பிரயோசனமா எண்டால் என்னத்தை எழுதிறது எண்டு யோசிச்சுக்கொண்டு அந்தப் பிள்ளையளின்ரை கையைப் பாத்தன். ஒருத்திக்கு நகமெல்லாம் வெள்ளை பூத்து, நுனி தோல் தோலா உரிஞ்சு கிடந்தது. ஸ்பிரிட்டிலை கை வைக்கிறனீரோ எண்டு கேட்டன். ஓம் அண்ணை, சோப்பைவிட அது துப்புரவு தானே எண்டு சொன்னா. சரி, எதை எழுதவேணும் எண்டு அப்பவே தெரிஞ்சு போச்சுது.

எனக்குக் கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும். மலர்க் குழுவிலை தமிழ் படிப்பிச்ச வாத்திமார் ஆரும் இருந்தால் எழுத்தைத் திருத்தட்டும். ஆக்களைத் திருத்தவேண்டாம், அவை இருந்தபடி இருக்கட்டும். பெயரை மட்டும் நானே மாத்தியிருக்கிறன்.

ஐம்பத்தாறிலை நான் ஆஸ்பத்திரியிலை அற்றெண்டனா எடுபட்டன். பயிற்சி எண்டு சொன்னது மூண்டு மாசம் ஒரு மூத்த அற்றெண்டனுக்குப் பின்னாலை வாளி காவினதுதான். அவர் ஒண்டும் சொல்லித் தரேல்லை. நானும் ஒண்டும் கேக்கேல்லை. நாலாம் மாசம் அவர் பென்சனிலை போக, வாளி என்ரை கைக்கு வந்துது. அவ்வளவுதான் என்ரை படிப்பு.

அந்த வாளிக்குள்ளை இருந்தது கிளவுஸ், ஒப்பிரேசனுக்குக் கையிலை போடுற ரப்பர் உறை. இப்ப வாறது ஒருக்காப் போட்டிட்டு எறியிற சாமான். எங்கடை காலத்திலை ஒரு சோடி மாசக்கணக்கா உழைக்கும். ஒப்பிரேசன் முடிய, முதல்லை பச்சைத் தண்ணியிலை இரத்தத்தைக் கழுவவேணும். சுடுதண்ணி பட்டால் இரத்தம் பிடிச்சுப் போகும். பிறகு உள்ளும் புறமும் சோப்புத் தண்ணி. பிறகு காத்தை அடைச்சு, மணிக்கட்டை முறுக்கிப் பிடிச்சு, பேசின் தண்ணிக்குள்ளை ஒவ்வொரு விரலா அமத்தவேணும். ஓட்டை இருந்தால் குமிழி வரும். சைக்கிள் ரியூப் ஒட்டின ஆருக்கும் இது விளங்கும். பழைய கிளவுஸிலை வட்டமா வெட்டின துண்டை ரப்பர்ச் சொலுசன் பூசி ஒட்டி, காய வைச்சு, பவுடர் போட்டு, சோடி சேர்த்துத் துணியிலை சுத்தி ஆவியிலை அவிக்கிறது. ஒட்டுப் போட்டது நோயாளர் வாட்டுக்குப் போகவேணும், தியேட்டருக்கு வரக்கூடாது எண்டது சட்டம்.

ஒவ்வொரு கிளவுஸின்ரை மணிக்கட்டிலையும் நம்பர் அடிச்சிருக்கும். எங்கடை டொக்டர் ஐயாவுக்கு எட்டு. பரமேஸ்வரி எண்டொரு புது மிஸ்ஸி, இணுவிலிலை புகையிலைத் தோட்டக்காரக் குடும்பம், அவவுக்கு ஏழு. தியேட்டர் சிஸ்டருக்கு ஆறு. ஆறாம் நம்பர் போடுற கை எங்கடை தியேட்டரிலை வேறை இல்லை. இதை மனதிலை வைச்சிருங்கோ.

இனிச் சிஸ்டருக்கு வாறன். சிஸ்டர் பூரணம் கொழும்பிலை பெரிய இடத்திலை நிண்டிட்டு, எழுபதுகளின்ரை தொடக்கத்திலை எங்களிட்டை மாத்தலாகி வந்தவ. கெட்டிக்காரி, பொய் சொல்லக்கூடாது. அவ வந்த பிறகுதான் எங்கடை தியேட்டரிலை கரப்பான் இல்லாமல் போனது. சத்தம் போடவே மாட்டா. ஏசவும் மாட்டா. மெல்லிய குரலிலை ஒரு சொல்லுத்தான் சொல்லுவா: "இன்னொருக்கா." அந்தச் சொல்லுக்கு டொக்டர் ஐயாவே நடுங்குவார்.

அவவுக்கு ஸ்பிரிட்தான் தீர்த்தம். காலமை எட்டு மணிக்குத் தியேட்டர் வாசலிலை எல்லாரும் வரிசையா நிக்கவேணும். இடுக்கியிலை பஞ்சு பிடிச்சு, ஸ்பிரிட்டிலை தோய்ச்சு, ஒவ்வொருத்தற்றை பத்து நகத்தையும் துடைப்பா. துடைச்ச பஞ்சை யன்னல் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாப்பா. வெள்ளையா இருந்தால் உள்ளை போகலாம். இல்லையெண்டால் இன்னொருக்கா. அது முடிய, பிறசும் சோப்பும் போட்டுப் பத்து நிமிசம் கை தேய்ப்பு. அது முடிய, எனாமல் பேசின் நிறைய ஸ்பிரிட், அதுக்குள்ளை விரல் அமிழ மணிக்கூட்டைப் பாத்து ரெண்டு நிமிசம். ஒரு ஒப்பிரேசனுக்கும் அடுத்ததுக்கும் இடையிலை திரும்பவும் ரெண்டு நிமிசம். தொலைபேசியைத் தொட்டால் ஒருக்கா. கதவுப்பிடியைத் தொட்டால் ஒருக்கா. மாசத்துக்கு வாற ஸ்பிரிட் பத்து நாளிலை முடிஞ்சு போக, ஸ்டோர்க்காரர் ஒருநாள் பக்கத்திலை வந்து கதைக்கிற மாதிரி என்ரை வாயை மணந்து பாத்தார். நான் வாயைத் திறந்து நல்லா ஊதிக் காட்டினன்.

மூண்டு மாசத்திலை எங்கள் எல்லாற்றை நகமும் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக் கழரத் துவங்கினது. மிஸ்ஸிமாருக்குச் சீலை நூல் நகத்திலை மாட்டி இழுபட்டுது. எனக்குச் சட்டைப் பொத்தான் போட ஏலாது. ஒருத்தி நல்லெண்ணெய் பூசிக்கொண்டு வர, சிஸ்டர் எண்ணெய் ரப்பரைத் தின்னும் எண்டு அதையும் நிப்பாட்டினா. அது உண்மைதான், எண்ணெய் ரப்பருக்குக் கூடாது. ஆனால் வீட்டிலை பூசிப்போட்டுக் காலமை சோப்புப் போட்டுக் கழுவினால் ஒண்டும் செய்யாது. பரமேஸ்வரி மிஸ்ஸி அப்பிடித்தான் ஒளிச்சுச் செய்தவ. நகத்தையும் சதையோடை ஒட்ட வெட்டி வைச்சிருப்பா. அவவின்ரை நகம் மட்டும் பிளக்கேல்லை.

ஆனால் அவவுக்கு வேறை கரைச்சல். லீவு நாளிலை வீட்டை போனால் தோட்டத்திலை புகையிலைக் கண்டின்ரை குருத்துக் கிள்ளிக் குடுக்கவேணும். அந்தப் பிசின் நகத்திலை ஊறிக் கறுத்துப் போகும். ஸ்பிரிட் பஞ்சாலை துடைக்கத் துடைக்க மண்ணிறமா வந்துகொண்டேயிருக்கும். நகம் வளந்து வெட்டினால்தான் அந்தக் கறை முழுக்கப் போகும். சிஸ்டர் பஞ்சைப் பாப்பா. இன்னொருக்கா எண்டுவா. ஒருநாள் ஆறு தரம் சொன்னா. மற்றவை எல்லாரும் உள்ளை போன பிறகும் அந்தப் பிள்ளை பேசினுக்கு முன்னாலை தனிய நிண்டுது.

ஒருநாள் நான் டொக்டர் ஐயாவை வராந்தாவிலை தனியாப் பிடிச்சு, சேர், உந்த ஸ்பிரிட் நகத்துக்கு என்ன செய்யுது எண்டு கேட்டன். அவர் நல்ல மனுசன், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னார். நகத்திலை இருக்கிற ஈரமும் எண்ணெய்ப் பசையும்தான் அதை வளைய விடுறது. ஸ்பிரிட் ரெண்டையும் உறிஞ்சிப் போடும். காய்ஞ்ச நகம் பிளக்கும், ஓரத்துத் தோல் வெடிக்கும், வெடிச்ச இடத்தாலை கிருமி போய் நகச்சுத்து வரும். அதோடை, ஸ்பிரிட் கிருமியைக் கொல்லுமே தவிர நகத்துக்குக் கீழை கிடக்கிற ஊத்தையைக் கழுவாது. அதைச் சோப்பும் தண்ணியும் பிறசும்தான் கழுவும். இவ்வளவும் சொன்னார். அப்ப சிஸ்டரிட்டைச் சொல்லுங்கோவன் சேர் எண்டன். அவர் அங்கையும் இஞ்சையும் பாத்திட்டு, நீர் ஒருக்காச் சொல்லிப் பாருமன் தம்பையா எண்டார்.

நான் சொல்லித்தான் பாத்தன். வேறை ஒரு காரணமும் இருந்துது. ஆறாம் நம்பர் கிளவுஸை அமத்தேக்கை பெருவிரல் நுனியிலை குமிழி வரத் துவங்கியிருந்தது. முதல்லை ஒண்டு, பிறகு சுட்டுவிரலிலும். கத்தி பட்ட ஓட்டை எண்டால் வெளியாலை வெட்டின மாதிரி நீளமா இருக்கும். இது உள்ளுக்கிருந்து குத்தின பொட்டு ஓட்டை. பிளந்த நகம் குத்தினது எண்டு பாத்தவுடனை விளங்கும். ஏழாம் நம்பரிலை அப்பிடி ஒண்டும் இல்லை. எட்டிலும் இல்லை, டொக்டர் ஐயா பேசினுக்கு மேலாலை கையைக் காட்டிப்போட்டுப் போற வித்தை பழகியிருந்தவர்.

சிஸ்டர், உங்கடை கிளவுஸிலை ஓட்டை விழுகுது எண்டு சொன்னன். அவ என்னை நிமிந்து பாத்தா. நீர் கழுவேக்கை உம்மடை நகம்தான் குத்தியிருக்கும் எண்டு சொல்லி, என்ரை ரெண்டு கையையும் பிடிச்சு ஸ்பிரிட் பேசினுக்குள்ளை வைச்சா. அண்டைக்கு என்ரை விரலிலை ஒரு வெட்டுக் காயம். ரெண்டு நிமிசமும் நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு மணிக்கூட்டைப் பாத்தன். எனக்கு வந்த கோவம் கொஞ்சமில்லை. இனி உன்ரை கிளவுஸிலை உலக்கை போற ஓட்டை விழுந்தாலும் வாய் திறக்கன் எண்டு மனதுக்குள்ளை சொல்லிக்கொண்டன்.

சொன்னபடி நடந்தன், அதுதான் பிழை. அது இறக்குமதியெல்லாம் கட்டுப்படுத்தின காலம். ஸ்டோரிலை ஆறாம் நம்பர் மூண்டே மூண்டு சோடி. ஓட்டை எண்டு வாட்டுக்கு அனுப்பினால் சிஸ்டருக்குப் போடக் கிளவுஸ் இல்லை, பிறகு அதுக்கும் என்ரை கைதான் பேசினுக்குள்ளை போகும். அதாலை நான் ஒட்டுப் போட்டுத் தியேட்டருக்கே திருப்பி அனுப்பினன். ஒட்டுக்குப் பக்கத்திலை திரும்ப ஓட்டை விழும். திரும்ப ஒட்டுவன். ஏழு மாசம் அப்பிடிப் போச்சுது. என்ரை ஒட்டு நல்ல ஒட்டு எண்டு எனக்கொரு பெருமையும் இருந்துது.

அந்த ஏழாவது மாசம் அடுத்தடுத்து மூண்டு பேருக்கு வெட்டின காயம் பழுத்துது. முதலாவது கொக்குவில் மேசன் ஒருத்தர். ரெண்டாவது மயிலிட்டியிலை இருந்து வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி, வயித்தை வெட்டித்தான் பிள்ளை எடுத்தது. புருசன் கடலுக்குப் போறவர். மூண்டாவது அரசாங்கக் கச்சேரியிலை பெரிய கிளாக்கரா இருந்த ஒருத்தர், குடலிறக்கம். மேசனுக்கும் மயிலிட்டிப் பிள்ளைக்கும் பழுத்தபோது அது அவையின்ரை விதி. கிளாக்கருக்குப் பழுத்தபோது அது விசாரணை. அவர் படுத்த படுக்கையிலேயே பெட்டிசம் எழுதினார். மேலிடம் எல்லாத்துக்கும் ஒவ்வொரு பிரதி போட்டார். காய்ச்சல் நூற்றுமூண்டிலும் அவற்றை கையெழுத்துக் குண்டு குண்டா அழகா இருந்தது எண்டு எல்லாரும் கதைச்சவை.

மேலிடத்திலை இருந்து ஒரு பெரிய டொக்டர் விசாரிக்க வந்தார். தியேட்டருக்குப் பக்கத்து அறையிலை மேசை கதிரை போட்டாச்சுது. என்னை ஒருத்தரும் சாட்சியாக் கூப்பிடேல்லை, தேத்தண்ணி கொண்டுவரத்தான் கூப்பிட்டவை. நான் தட்டோடை உள்ளை போகேக்கை சிஸ்டர் கதைச்சு முடிச்சிருந்தா. மூண்டு ஒப்பிரேசனிலும் தானும் பரமேஸ்வரி மிஸ்ஸியும்தான் கிளவுஸ் போட்டு டொக்டருக்குப் பக்கத்திலை நிண்டதாம், இந்த மிஸ்ஸியின்ரை நகம் ஒருநாளும் துப்புரவா இருந்ததில்லை எண்டு சொல்லியிருக்கிறா. சொன்னதிலை பொய் ஒண்டும் இல்லை, அவ முழு மனதா நம்பித்தான் சொன்னவ. பெரிய டொக்டர் பஞ்சு எடுத்துத் தானே முன்னாலை நிண்ட அந்தப் பிள்ளையின்ரை நகத்தைத் துடைச்சார். பஞ்சு மண்ணிறமா வந்துது.

"அது புகையிலைக் கறை, சேர்" எண்டு அவ சொன்னா.

புகையிலையோ எண்டு கேட்டு அவர் எழுதினார். அந்த ஒரு சொல்லுப் போதும். பரமேஸ்வரி மிஸ்ஸிக்கு வேலை உறுதியாக இன்னும் ரெண்டு மாசம் இருந்துது. இந்த நேரம் ஒரு வரி எழுதினால் சீருடையைக் கழட்டிக் குடுத்திட்டு இணுவிலுக்கு நடக்கவேண்டியதுதான். தேப்பன் இல்லை, படிக்கிற தம்பிமார் ரெண்டு பேர், குத்தகைக்குத் தோட்டம். அவ அழேல்லை. துடைச்சு முடிஞ்ச பிறகும் ஒருத்தரும் கையை இறக்கச் சொல்லேல்லை. அதாலை ரெண்டு கையையும் நீட்டின படியே நிண்டா. டொக்டர் ஐயா யன்னலாலை வெளியை பாத்துக்கொண்டு இருந்தார்.

நான் தட்டை வைச்சிட்டு வெளியை வந்தன்.  உண்மையைச் சொன்னால் ஒட்டுப்போட்டதைத் தியேட்டருக்கு அனுப்பின குற்றம் என்ரை தலையிலை. எனக்கும் பெண்சாதி பிள்ளையள். வராந்தாவிலை நாலு தரம் நடந்தன். பிறகு போய்ப் பேசினிலை தண்ணி நிறைச்சு, அண்டைக்குக் காலமை கழுவி வைச்ச கிளவுஸ் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு, கேளாமல் கொள்ளாமல் உள்ளை போனன். தேத்தண்ணித் தட்டைத் தள்ளிப்போட்டு மேசையிலை பேசினை வைச்சன். பெரிய டொக்டரின்ரை கடுதாசியிலை தண்ணி தெறிச்சுது.

ஏழாம் நம்பரை எடுத்துக் காத்தடைச்சு அமத்தினன். ஒரு குமிழி இல்லை. அடுத்த ஏழு, அதுவும் இல்லை. பிறகு ஆறை எடுத்து அமத்தினன். பெருவிரல் நுனியிலை ஒட்டுக்குப் பக்கத்தாலை குமிழி நிரையா மேலை வந்துது. மற்ற ஆறாம் நம்பரும் அப்பிடி. மூண்டாவதும் அப்பிடி. அறையிலை குமிழி உடையிற சத்தம் மட்டும் கேட்டுது.

"உது ஆற்றை கிளவுஸ்?" எண்டு பெரிய டொக்டர் கேட்டார்.

  சிஸ்டர்தான் சொன்னா, தன்ரை எண்டு. சொல்லிப்போட்டு என்னைப் பாத்தா.

"எவ்வளவு நாளாத் தெரியும், தம்பையா?"

"ஏழு மாசம், சிஸ்டர்."

"ஏன் சொல்லேல்லை?"

"முதல் நாள் சொன்னனான். நீங்கள் என்ரை கையைப் பேசினுக்கை வைச்சீங்கள்."

டொக்டர் ஐயா அப்பத்தான் யன்னலை விட்டுத் திரும்பினார். ரெண்டு வருசத்திலை முதல் தரம் சிஸ்டருக்கு ஒரு சொல்லுச் சொன்னார், கையைக் காட்டுங்கோ எண்டு. நாங்கள் ஒருத்தரும் அவவின்ரை கையைச் சரியாப் பாத்ததில்லை. எப்பவும் கிளவுஸுக்குள்ளை இருக்கும், இல்லாட்டி கை துடைக்கிற லேஞ்சியோடை பொக்கெற்றுக்குள்ளை இருக்கும். அவ மெல்ல எடுத்து மேசையிலை வைச்சா. பத்து நகமும் பாதி பாதியா உரிஞ்சு, பிளந்து, வாள் பல்லு மாதிரிக் கிடந்தது. வலது பெருவிரலிலை பிளாஸ்டர். டொக்டர் ஐயா அதைக் கழட்ட, நகச்சுத்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. அதோடைதான் அவ ஒவ்வொரு நாளும் அந்த விரலை ஸ்பிரிட்டுக்குள்ளை வைச்சிருக்கிறா. அந்த எரிவை நினைக்க எனக்கு என்ரை கோவமெல்லாம் வெக்கமாப் போச்சுது. எங்கள் எல்லாரையும்விட அவ தன்னைத்தான் கூட வருத்தியிருக்கிறா.

"எழுதுங்கோ, சேர். ஓட்டை என்ரை கிளவுஸிலை" எண்டு சிஸ்டர் சொன்னா. குரல் அதே மெல்லிசுதான்.

மேலிடத்து அறிக்கை வர ரெண்டு மாசம் எடுத்துது. மனிசர் ஒருத்தரிலும் பிழையில்லையாம். ரப்பரின்ரை தரம் போதாதாம். என்ரை பேர் அதிலை இல்லை, தேத்தண்ணி கொண்டுவந்த ஊழியர் உதவியதாக ஒரு வரி இருந்தது. கிளாக்கருக்கு ஒரு பிரதி போக, அவர் அதிலை ரெண்டு எழுத்துப் பிழை கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பினார். சிஸ்டர் நகம் வளரும் மட்டும் ஆறு மாசம் கந்தோரிலை எழுத்து வேலையிலை இருந்தா. டொக்டர் ஐயாவுக்கு ஒருமாதிரித் துணிவு வந்து பேசினை எடுப்பிச்சார். சோப்பு, பிறசு, ஓடுற தண்ணி, நகத்தை ஒட்ட வெட்டுறது, வேலை முடியக் கைக்கு ஏதாவது களிம்பு. மலர் வாசிக்கிற பிள்ளையள் இதை மட்டும் பிடிச்சுக்கொண்டாலும் போதும்.

பரமேஸ்வரி மிஸ்ஸிக்கு வேலை உறுதியான கடிதம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வாட்டு முழுக்க மிட்டாய் குடுத்திட்டு, கடைசியா நான் கிளவுஸ் கழுவுற அறைக்கு வந்தா. நான் கையைத் துடைச்சுக்கொண்டு எழும்பினன். எனக்கு நல்ல சந்தோசம். அவ என்ன சொல்லுவா, நான் என்ன பதில் சொல்லவேணும் எண்டெல்லாம் முதலே யோசிச்சு வைச்சிருந்தன். என்னாலை ஒண்டுமில்லைப் பிள்ளை, எல்லாம் உம்மடை நல்ல மனதுக்குத்தான் எண்டு சொல்லுறதெண்டு இருந்தன்.

அவ மிட்டாய்ப் பெட்டியை நீட்டேல்லை. வாசலிலையே நிண்டா.

"அண்ணை, ஏழு மாசம் தெரியும் எண்டு அண்டைக்குச் சொன்னீங்கள்."

"ஓம், மிஸ்ஸி."

"அந்த மயிலிட்டிப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் மருந்து கட்டினது நான். பிள்ளைக்குப் பால் குடுக்க நிமிர ஏலாமல் கிடந்தவ. ஏன் மிஸ்ஸி எனக்கு ஆறேல்லை எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டவ. எனக்குத் தெரியாது எண்டு சொன்னனான். எனக்கு உண்மையாத் தெரியாது, அண்ணை."

நான் துடைச்ச கையைத் திரும்பவும் துடைச்சன்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான். வாய் வருகுதில்லை."

பெட்டியை யன்னல் கட்டிலை வைச்சிட்டுப் போனா. அதுக்குப் பிறகு பத்து வருசத்துக்குக் கிட்ட நாங்கள் ஒரே தியேட்டரிலை வேலை செய்தனாங்கள். நல்லாக் கதைப்பா, என்ரை மகளின்ரை கலியாணத்துக்கும் வந்தவ. அந்த நன்றியை மட்டும் அவ சொல்லேல்லை. நானும் அதை எதிர்பாக்கேல்லை.